பொட்டு வைக்காத ஐந்து பெட்டிகள்

அத்தியாயம் மூன்று

விஜயதசமிக்கு மறுநாள் கல்கத்தாவில் ஒரு சர்வீஸ் இன்ஜினீயரைப் பிடிப்பதைவிட, ஹூக்ளியில் கரைத்த துர்க்கையைத் திரும்ப எடுப்பது சுலபம்.

“லக்ஷ்மி பூஜை முடியட்டும் தாதா, ஆளை அனுப்பறோம்னு சொல்றாங்க மேடம்,” என்று ஏழாவது தடவையாகப் போனை வைத்தான் பன்னீர்செல்வம். “அதுவரைக்கும் ரத்தம் கேட்டவங்களையும் லீவு போடச் சொல்லலாமா?”

ஷியாமளா அவனை ஒரு பார்வை பார்த்தாள். மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆளின் ஞாபகம் அப்போதுதான் வந்தது பன்னீருக்கு. வாயை மூடிக்கொண்டான்.

அந்த ஆள் பெயர் சாய் கிருஷ்ணா. ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை. மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. மனைவி மதுவந்திக்கு நேற்று ராத்திரி பிரசவம். குழந்தை நன்றாக இருக்கிறது. தாய்க்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. நாலு மணிக்குள் ஆபரேஷன் செய்யவேண்டும், அதற்கு இரண்டு பாட்டில் ரத்தம் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டை அவர் மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மடிப்பில் காகிதம் கிழியத் தொடங்கியிருந்தது.

அவள் ரத்தம் எல்லோருக்கும் இருக்கிற ரத்தமாக இருந்திருந்தால் இந்த அத்தியாயத்தையே நான் எழுத வேண்டியிருந்திருக்காது, கண்ணுகளா. அது பாம்பே குரூப். பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும். அதே குரூப்காரர் கொடுத்தால்தான் அவள் உடம்பு ஏற்றுக்கொள்ளும்.

“பத்தே பத்து பேர்,” என்றார் பத்மநாபன். பாலிகஞ்ச் ரத்த நண்பர்கள் சங்கத்தின் செயலாளர். பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்வீட்டு முன்னறைதான் சங்கத்து ஆபீஸ். மாடியில் அவர் குடித்தனம். “இந்த ஊரையும் சுத்துப்பட்டையும் சேர்த்து, அந்த குரூப்ல பத்து பேரை நாங்க தேடித் தேடிப் பிடிச்சு வெச்சிருக்கோம். வேற எவன்கிட்டயும் இந்த லிஸ்ட் கிடையாது.”

“பேப்பர்ல எங்கேயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?” என்றாள் ஷியாமளா.

“பதினாலு ரெஜிஸ்டர் இருந்தது. சர்வர் வாங்கினதும் பிக்ரிவாலாகிட்ட எடைக்குப் போட்டுட்டோம். எல்லாம்தான் உள்ளே ஏறிடுத்தே!”

“ஏறினது இறங்க மாட்டேங்குது,” என்றான் பன்னீர்.

மேஜைக்குப் பக்கத்தில் நின்றது அந்த சர்வர். சின்ன பீரோ அளவு இரும்பு டப்பா. முன்பக்கம் ஐந்து ஹார்ட் டிஸ்க், ஒவ்வொன்றும் ஒரு தகரக் கூட்டுக்குள் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகச் செருகியிருந்தது. கைப்பிடியை இழுத்தால் இழுப்பறை மாதிரி கையோடு வந்துவிடும். திரையில் ஒரே ஒரு கேள்வி மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

“என்ன கேக்குது?” என்றாள் ஷியாமளா. ரயில்வேயில் காணாமல் போன சரக்குகளைத் தேடும் பிரிவில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டுத் துப்பறிய வந்தவள் அவள். மனிதர்களைப் படிப்பாள். கம்ப்யூட்டர் படிக்கப் பன்னீர்தான் வேண்டும். வாணியம்பாடிக்காரன். இந்த ஊர்ச் சாந்தினி சவுக் கடைகளில் பத்து வருஷம் பழுது பார்த்த கை. வாய்க்கு மட்டும் பழுதே வந்ததில்லை.

“மேடம், ஒரு கதையைத் துண்டு துண்டாக்கி அஞ்சு பேர்கிட்ட சொல்லி வெச்சிருக்குன்னு வெச்சுக்குங்க. ஒருத்தன் செத்துட்டாக்கூட மத்த நாலு பேர் சேர்ந்து அவன் துண்டையும் சொல்லிடுவாங்க. அவ்ளோ கெட்டி. ஆனா முதல் ஆள் யாரு, ரெண்டாவது ஆள் யாருன்னு வரிசை மாறக்கூடாது. இப்ப அஞ்சு பேரும் இடம் மாறி உக்காந்திருக்கானுங்க. ‘இந்த வரிசை எனக்குத் தெரியல, இதையே சரின்னு எடுத்துக்கட்டுமா’ன்னு கேக்குது.”

“ஆமாம்னு சொன்னா?”

“எடுத்துக்கும். வரிசை தப்பா இருந்தா மேல மேல எழுதிக் கதையை அழிச்சிடும். அஞ்சு பேரை உக்கார வெக்க நூத்தி இருபது விதம் இருக்கு. நமக்கு ஒரே ஒரு தடவைதான்.”

சாய் கிருஷ்ணா சீட்டை மடிப்பதை நிறுத்தினார். “ஒரு தடவையா?” என்று மட்டும் கேட்டார். 

“இது நரேன் வேலை!” மேஜையில் தட்டினார் பத்மநாபன். “முன்னாடியெல்லாம் அந்தப் பையன்தான் இதைப் பாத்துண்டான். மாசா மாசம் லிஸ்டை பேப்பர்ல பிரிண்ட் போடணும்னான். அப்புறம் எதுக்குடா கம்ப்யூட்டர்னேன். வாக்குவாதம். கோவிச்சுண்டு ஆகஸ்ட் கடைசியில போயிட்டான். ஆபீஸ் சாவி ஒண்ணு இன்னும் அவன்கிட்டதான் இருக்கு. வேணும்னே மாத்திச் சொருகிட்டுப் போயிருக்கான். நான் கெஞ்சணுமாம்!”

“அவனுக்கப்புறம் யார் தொட்டாங்க?”

“ஒருத்தரும் தொடலை. சனிக்கிழமை மத்தியானம்கூட நல்லா வேலை செஞ்சது. ஆயுத பூஜைக்கு அணைச்சோம். இன்னிக்குக் காலம்பற ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்து போட்டா, இப்படி.”

பன்னீர் ஏற்கனவே நரேன் எழுதி வைத்துவிட்டுப் போன சென்னை நம்பரைச் சுழற்றிக்கொண்டிருந்தான். பெரம்பூரில் நரேனின் அக்கா தீப்தி எடுத்தாள். தம்பி வெள்ளிக்கிழமை ராத்திரியே ஹவுராவில் மெயில் ஏறி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிட்டான் என்றாள். அப்படியானால், சர்வர் கடைசியாக நன்றாக ஓடிய சனிக்கிழமை முழுக்க அவன் ரயிலில்.

நரேனே போனுக்கு வந்தான். “வரிசையா? நம்பர் ஸ்டிக்கர் ஒட்டலை சார். அதை யார் வெளியில எடுப்பாங்கன்னு நினைச்சேன்? எதுக்குக் கேக்கறீங்க, அவசரமா?”

அதற்குள் ரிசீவர் பன்னீர் கையிலிருந்து பறிபோனது. “ஏண்டா, உப்புப் போட்டுத்தானே சாப்பிடறே?” என்று ஆரம்பித்து, பாங்கில் முப்பத்தைந்து வருஷம் அடக்கி வைத்த வார்த்தைகளையெல்லாம் கொட்டினார் பத்மநாபன். அந்தப் பக்கம் நரேன் ‘சார், யாருக்கு’ என்று ஏதோ கேட்க வாயெடுத்தது பன்னீருக்குத் தூரத்தில் கொசு மாதிரி கேட்டது. டொக்கென்று ரிசீவர் விழுந்தது.

மணி பன்னிரண்டு அடித்தது.

ஷியாமளா சர்வருக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். “பன்னீர், இங்கே வா. ஒரே மாதிரி ரெண்டு துளை இருக்கு. ஒயர் இதுல இருக்கு. ஆனா தேய்ஞ்சு பளபளன்னு இருக்கறது அது.”

“அட, ஆமா. நெட்வொர்க் ஒயர். முதல் போர்ட்ல இருக்க வேண்டியதை ரெண்டாவதுல சொருகியிருக்கான்.” பன்னீர் பிடுங்கி மாற்றினான். “இது ஜலதோஷம் மேடம். நமக்கு வந்திருக்கறது ஜன்னி.”

“அது இல்ல. பின்பக்கம் விரல் வெச்சுப் பாரு.”

பன்னீர் விரலால் தடவிப் பார்த்தான். விரல் சுத்தமாகவே வந்தது. “தூசியே இல்ல! பாலிகஞ்ச் மெயின் ரோட்டு வீட்டுல!”

“பழி வாங்க வந்தவன் தூசி தட்டிட்டா போவான்? இதைப் பிடுங்கினவங்களுக்கு இது மேல ரொம்பப் பிரியம்.”

நிமிர்ந்தவள் பன்னீரின் காதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள். காது மடலில் சந்தனம், அதன் நடுவே குங்குமம். “உனக்கும் பூஜை ஆயிடுச்சு போல.”

“போன்லேர்ந்து ஒட்டியிருக்கு. இந்த ரூமில எதுக்குத்தான் பொட்டு வைக்கல? ஸ்டேப்ளருக்கு இருக்கு, ஃபேன் ஸ்விட்சுக்கு இருக்கு, சங்கத்து ரப்பர் ஸ்டாம்புக்கு இருக்கு. வாசல்ல நிக்கற சைக்கிளுக்கு ரெண்டு பக்கமும் இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் நின்னா சாருக்கே வெச்சிடுவாங்க.”

ஷியாமளா சிரிக்கவில்லை. அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். திரைக்குப் பொட்டு இருந்தது. கீபோர்டுக்கு இருந்தது. சர்வர் டப்பாவின் நெற்றியில் பெரிதாக, மாங்கொட்டை அளவு சந்தனம். அதற்குக் கீழே ஐந்து ஹார்ட் டிஸ்க்கின் முகங்களும் துடைத்து விட்டாற்போல வெறுமையாக இருந்தன.

“பன்னீர், குண்டூசி டப்பாவுக்குக்கூட வெச்சவங்க, இந்த ஆபீஸுக்கே உயிரான அஞ்சுக்கும் ஏன் வைக்கல?”

“மறந்திருப்பாங்க.”

“அஞ்சையுமா? பொட்டு வைக்கற நேரத்துல அஞ்சும் இங்கே இல்ல.” அவள் திரும்பினாள். “பத்மநாபன் சார், பதினாலு ரெஜிஸ்டர் சொன்னீங்களே. அது இருந்த காலத்துல சரஸ்வதி பூஜைக்கு என்ன பண்ணுவீங்க?”

“என்ன பண்ணுவா? மாடியில பூஜையில வைப்போம். புஸ்தகமாச்சே.”

“இந்த வருஷம் ரெஜிஸ்டர் இல்லையே. எதை வெச்சீங்க?”

“இதைத்தான்,” என்றார் அவர் சர்வரைக் காட்டி, வெகு சாதாரணமாக. “டப்பாவை மாடிக்குத் தூக்க முடியுமோ? அதான் அந்த அஞ்சையும் உருவிண்டு போய் அம்பாளுக்கு முன்னாடி வெச்சேன். மறுநாள் காலம்பற விஜயதசமி, மறுபடி எடுத்துண்டு வந்து சொருகிட்டேன்.”

பன்னீர்செல்வத்தின் வாய்க்கு முதல் தடவையாகப் பழுது வந்தது.  

“யாருமே தொடலைன்னு சொன்னீங்களே சார்!” என்றாள் ஷியாமளா.

“தொடலையே!” அவர் முகத்தில் பொய்யே இல்லை. “பூஜைக்கு வெச்சேம்மா. அது தொட்டதாகுமா?”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. கண் மெதுவாக சாய் கிருஷ்ணாவிடம் போயிற்று. அவர் கிழிந்த சீட்டை மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். அதுதான் பத்மநாபனை உட்கார வைத்தது. நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

“வரிசை மாறாமத்தான் கொண்டு போனேன். ஒண்ணொண்ணா, ரெண்டு கையாலயும் ஏந்திண்டு, அஞ்சு தடவை மாடி ஏறினேன். இடது பக்கத்திலேர்ந்து எடுத்து, மணையில இடது பக்கத்திலேர்ந்து வெச்சேன்.”

“திரும்பி வரும்போது?”

“சாவித்ரி துடைச்சு மூங்கில் தட்டில அடுக்கிக் குடுத்தா. எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்குன்னு…”

அவர் மனைவி சாவித்ரி மாமியே மாடியிலிருந்து வந்து வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கை புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தது. “கைக்கு வந்தபடி துடைச்சு அடுக்கினேன். சந்தனம் உள்ளே போயிடப் படாதுன்னு நரேன் எப்பவும் சொல்வான். அதான் பொட்டையெல்லாம் அழுந்தத் துடைச்சேன்.”

நல்லவர்கள் நாலு பேர் சேர்ந்து நல்லதையே செய்து, கடைசியில் ஒரு பெண்ணின் உயிர் ஊசலாடுகிறது. யாரைக் கோபிப்பது, சொல்லுங்கள்?

போன் அடித்தது. ஆஸ்பத்திரி. சாய் கிருஷ்ணா எடுத்து, “பாத்துட்டே இருக்காங்க சிஸ்டர்,” என்றார். பிறகு “ஹாங்… ஹாங்…” என்று இரண்டு தடவை. வைத்துவிட்டு மறுபடி நாற்காலிக்குப் போனார்.

“மாமி,” என்றாள் ஷியாமளா மெல்ல. “மணையில கோலம் போட்டிருந்தீங்களா?”

“போடாம இருப்பேனா? அரிசியை அரைச்சு இழைக்கோலம். காயறதுக்குள்ள இவர் கொண்டு வந்து மேலே வெச்சுட்டார். கோலமே கலைஞ்சு போச்சுன்னு சண்டைகூடப் போட்டேன்.”

“மேல துடைச்சீங்க. அடியில துடைச்சீங்களா?”

மாமி விழித்தாள். “அடியில யார் பாக்கப் போறா?”

பன்னீர் ஏற்கனவே முட்டி போட்டிருந்தான். மின்சாரத்தை நிறுத்தி, ஐந்தையும் உருவி, செய்தித்தாளில் குப்புறக் கவிழ்த்தான். தகரக் கூட்டின் அடிவயிற்றில், காய்ந்து வெளுத்துப்போய், மாவுக் கோடுகள். ஒன்றில் தாமரை இதழின் பாதி. இன்னொன்றில் மீதிப் பாதி. இரட்டைக் கோடு ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஓடிற்று.

“எங்கம்மா கோலம் போடறப்ப ஒரு நாள்கூட நான் உக்காந்து பாத்ததில்ல,” என்றான் பன்னீர், தகரத்தை நகர்த்தி நகர்த்திப் பொருத்தியபடி. “இப்ப கத்துக்கறேன் பாருங்க, பாலிகஞ்சுல. இந்த இதழ் இங்க… இழை அங்க… கைப்பிடியெல்லாம் நம்ம பக்கம்… ஆச்சு!”

ஐந்தும் சேர்ந்து ஒரு கோலம். மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பன்னீர் இடது ஓரத்தில் கிடந்ததை முதல் குழியில் செருகினான். அடுத்ததை இரண்டாவதில். ஐந்தும் உள்ளே போயின. ஸ்விட்சைப் போட்டான். அதே கேள்வி வந்து மினுக்கியது. ‘ஆமாம்’ என்கிற பொத்தானுக்கு மேல் அவன் விரல் போயிற்று.

“எடு கையை!”

ஷியாமளாவின் கையில் சங்கத்து ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. பொட்டு வைத்த கட்டையைக் கவிழ்த்து, அதன் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல பேரு எப்படி இருக்கு?”

“தலைகீழா… இல்ல, இடம் வலம் மாறி. ஸ்டாம்புன்னா அப்படித்தானே மேடம், பேப்பர்ல குத்தினா நேரா…” பன்னீரின் குரல் நின்றது.

“நீ பாத்தது அடிவயிறு. கவுந்து கிடக்கறப்ப இடது ஓரம், நேரா வெச்சா எந்த ஓரம்?”

பன்னீர் தன் உள்ளங்கைகள் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தான். சேர்த்தாற்போல் கவிழ்த்துப் பார்த்தான். இடம் வலமாயிற்று. நெற்றி வியர்வையைத் துடைத்ததில் காதுக் குங்குமம் முகமெல்லாம் இழுபட்டது.

“ஒரு விரல் தூரத்துல இருந்தோம்,” என்றான். இதில் கிண்டல் இல்லை.

நிறுத்தி, உருவி, கடைசியை முதலாக்கி, முதலைக் கடைசியாக்கிச் செருகினான். மறுபடி கேள்வி. இந்தத் தடவை அவன் கை வரவில்லை. ஷியாமளாவுக்கும் வரவில்லை. மாமி போட்ட கோலத்தை நம்பி ஒரு உயிரை வைப்பதா? வேறு எதை வைத்து நம்புவது?

சாய் கிருஷ்ணா எழுந்து வந்தார். “எதை அழுத்தணும்?” என்று கேட்டார். பன்னீர் காட்டினான். அவர் அழுத்தினார்.

விளக்குகள் எரியத் தொடங்கின. ஒன்று பச்சை. இரண்டு பச்சை. மூன்று பச்சை. நாலாவது மஞ்சளாய் மினுக்கி, மஞ்சளாகவே நின்றுவிட்டது. ஐந்து பச்சை.

“நாலாவது போயிடுச்சு. ஈரமோ, மாடிப்படியில இடிச்சதோ,” என்றான் பன்னீர். “பரவால்ல. நாலு பேர் இருக்காங்க. நாலு பேர் சொல்லுவாங்க… சொல்லுங்கடா…”

ஆறு நிமிஷம் கழித்துப் பட்டியல் திரையில் வந்தது.

நான் இங்கே நிறுத்தியிருந்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் அன்றைக்கு தசமி கழிந்த மறுநாள். கல்கத்தாவே ஊரில் இல்லை.

முதல் ஆள் பூரிக்குப் போயிருந்தார். இரண்டாமவர் டார்ஜிலிங். மூன்றாவது நம்பர் இப்போது ஒரு தையற்கடை. நாலாவது வீட்டில், “அவர் போய் ஒரு வருஷமாச்சே,” என்றார்கள். பழைய ஏழு இலக்க நம்பர்களுக்கு முன்னால் ஒரு இரண்டைச் சேர்த்துச் சேர்த்துச் சுழற்றினான் பன்னீர். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. ஒன்பதாமவருக்கு மஞ்சள் காமாலை.

பத்தாவது, ஹவுராவில் லேத் பட்டறைக்காரர், தபன் மாஜி. பக்கத்து வீட்டுப் போனுக்கு ஓடி வந்தார். விவரம் கேட்டதும், “படகுல வர்றேன். பாபுகாட் படித்துறையில யாரையாவது நிக்கச் சொல்லுங்க,” என்றார். அவ்வளவுதான்.

ஷியாமளா ஆஸ்பத்திரிக்குச் சொல்லி, படித்துறைக்கு ஆம்புலன்ஸ் அனுப்பச் சொன்னாள். டாக்டர் லைனுக்கு வந்தார். “ஒண்ணை வெச்சு ஆரம்பிக்கறேன். ரெண்டாவது ராத்திரிக்குள்ள வந்தாகணும். வராட்டி, ஆரம்பிச்சதுல பிரயோஜனம் இல்ல.”

பட்டியல் முடிந்துவிட்டது என்று பன்னீர் நாற்காலியைத் தள்ளினான். ஷியாமளா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சார், பத்து பேர்னுதானே சொன்னீங்க?”

“பத்துதான்.”

“பதினொண்ணு இருக்கு.”

பத்மநாபன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பதினோராவது வரி. நரேன், வயது இருபத்தாறு, பெரம்பூர், சென்னை. சேர்த்த தேதி, ஆகஸ்ட் கடைசி. அவன் வேலையை விட்டுப் போன அன்றைக்கு, கடைசியாகச் செய்த பதிவு.



பத்மநாபன் போனை இழுத்தார். நம்பரைச் சுழற்றினார். ஒரு தடவை தப்பாகிவிட்டது. மறுபடி சுழற்றினார். தீப்தி எடுத்து, குரலைக் கேட்டதும் தம்பியிடம் கொடுத்தாள்.

“ஹலோ,” என்றான் நரேன்.

காலையில் அத்தனை பேசியவர் இப்போது ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.  சாய் கிருஷ்ணா ரிசீவரை மெதுவாக அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

“என் பேர் சாய் கிருஷ்ணா. உங்களுக்கு என்னைத் தெரியாது. என் ஒய்ஃபுக்கு…”

“காலையிலேயே கேட்டேன் சார், யாருக்கு வேணும்னு,” என்றது அந்தக் குரல். “அதுக்குள்ள வெச்சுட்டார். எத்தனை மணி ஃபிளைட்டுல வரணும், எந்த பிளட் பேங்க்ல குடுக்கணும்? மேல போட்டுக்க ஒரு சட்டைதான் தேடணும், இப்பவே கிளம்பிடறேன்.”

பன்னீர் ஒரு காகிதத்தைத் தேடினான். மேஜையில் வெற்றுக் காகிதமே இல்லை. சாய் கிருஷ்ணா தன் கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை மேஜையில் விரித்து, கிழிந்த மடிப்பை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதன் பின்பக்கத்தில் விமான நேரத்தை எழுத ஆரம்பித்தார்.

அன்றைக்குச் சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு வரும் கடைசி விமானத்துக்கு இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது. அதற்கு மேல் பாலிகஞ்சில் இருந்த ஐந்து பேரில் யாராலும் செய்யக் கூடியது எதுவும் இல்லை. மாமி விளக்கேற்ற மாடிக்குப் போனாள். பத்மநாபன் அலமாரியைத் திறந்து, ஒரு புது ரெஜிஸ்டரை எடுத்து, முதல் பக்கத்தில் கோடு போட்டு, திரையைப் பார்த்துப் பார்த்து, பதினோராவது வரியிலிருந்து எழுதத் தொடங்கினார்.